பெயர் தெரியாத நல்ல கடிகாரத்தை வாங்குவது எப்படி

என் மணிக்கட்டில் இருக்கும் கடிகாரத்தைப் பற்றி இந்த ஆறு ஆண்டுகளில் இரண்டே பேர்தான் வாய் திறந்து கேட்டிருக்கிறார்கள். ஒருவர் மணி கேட்டார். இன்னொருவர், கழற்றிப் பின்பக்கத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டார். இதை அந்த இரண்டாமவருக்காக எழுதுகிறேன்.

அது நோமோஸ் நிறுவனத்தின் டாங்கென்டே. ஜெர்மனியில் கிளாஸ்ஹூட்டே என்ற சிற்றூரில் செய்தது. விட்டம் 35 மி.மீ.; கையால் சாவி கொடுக்க வேண்டும்; முழுச் சாவி கொடுத்தால் 43 மணி நேரம் ஓடும். அதை வாங்குவதற்கு முன் இரண்டு தவறான கடிகாரங்களை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டேன். கீழே சொல்லப்போவதில் பாதி அந்தச் சூட்டில் கற்றது.

பணம் எங்கே போனது?

விலையுயர்ந்த எந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலும் முதலில் எனக்குள் இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன். நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு உலோகத்துக்கும் இயந்திரத்துக்கும் போகிறது. ஒரு பங்கு, மனிதர்கள் உட்கார்ந்து செய்த மெருகு வேலைக்குப் போகிறது. மீதி விளம்பரத்துக்கும், பளிங்குத் தரை போட்ட கடைக்கும், பந்தய வீரரின் கைக்கும் போகிறது. முதல் இரண்டு பங்குகளும் நம் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது பங்கு மற்றவர்களின் கண்ணுக்கு மட்டும் தெரியும். அதிகம் பேசப்படாத நிறுவனங்களில் மூன்றாவது பங்கு சிறியது. நமக்கு ஆதாயம் அங்கேதான் இருக்கிறது.

பெயருக்கும் வேலைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்க முடியும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. 1967ஆம் ஆண்டில் ஜேஷே-லெகூல்த்ர் என்ற சுவிஸ் நிறுவனம் 920 என்ற தானியங்கி இயந்திரத்தை, அதாவது கை அசைவிலேயே சாவி ஏறும் இயந்திரத்தை, உருவாக்கியது. தடிமன் 2.45 மி.மீ. மட்டுமே. ஓடெமார் பிகேயின் ராயல் ஓக் (1972), படேக் ஃபிலிப்பின் நாட்டிலஸ் (1976), வாஷெரோன் கான்ஸ்டான்டினின் 222 (1977) ஆகிய மூன்று கடிகாரங்களும் அந்த இயந்திரத்தின் வழிவந்தவற்றை வைத்துக்கொண்டுதான் பிறந்தன. அந்த மூன்றுக்கும் இன்று அடிதடி. உருவாக்கிய நிறுவனமோ அதைத் தன் கடிகாரத்தில் வைத்து விற்கவே இல்லை. சமைத்தவர் பட்டினி கிடந்து பந்திக்குப் பரிமாறிய கதை.

ஜெனித்தின் கதையும் இப்படித்தான். அவர்களுடைய எல் ப்ரிமேரோ என்ற நிறுத்துக் கடிகார இயந்திரம் 1969ஆம் ஆண்டு வந்தது; மணிக்கு 36,000 துடிப்பு. 1975ஆம் ஆண்டில், இனி இயந்திரக் கடிகாரமே வேண்டாம், பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் போதும் என்று அப்போதைய உரிமையாளர்கள் ஆணையிட்டபோது, சார்ல் வெர்மோ என்ற பணியாளர் அச்சுகளையும் கருவிகளையும் வரைபடங்களையும் தொழிற்சாலையின் பரணில் ஒளித்துவைத்தார். அவர் அப்படிச் செய்திருக்காவிட்டால், 1988 முதல் 2000 வரை வந்த ரோலெக்ஸ் டேட்டோனாவுக்குள் ஓட அந்த இயந்திரம் இருந்திருக்காது. அந்த டேட்டோனாவை வாங்க ஆள் வரிசையில் நிற்கிறது. அதே காலத்து ஜெனித்தை வாங்க அவ்வளவு நெரிசல் இல்லை. நான் எந்த வரிசையில் நிற்பேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பூதக்கண்ணாடியோடு பத்து நிமிடம்

பத்து மடங்கு பெரிதாக்கும், கண்ணில் பொருத்திக்கொள்ளும் பூதக்கண்ணாடி ஒன்றை வாங்கிவிடுங்கள். முதல் கடிகாரத்துக்கு முன்பே வாங்குங்கள். விற்பவர் முன்னால் அதை எடுத்துக் கண்ணில் வைக்கக் கூச்சமாக இருக்கும். இரண்டாவது முறை இருக்காது.

முதலில் முள்ளைப் பாருங்கள். எல்லோரும் டயலைப் பார்ப்பார்கள். நேர்மையாகப் பேசுவது முள்தான். நிமிட முள்ளின் நுனி நிமிடக் கோடுகளைத் தொட வேண்டும். எட்டாமல் பாதியில் நின்றால், பெரிய டயலுக்குக் கையிருப்பில் கிடந்த சிறிய முள்ளைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். முள்ளின் ஓரம் கத்தரித்த தகரம்போல் பிசிறடிக்கிறதா, இல்லை சீவி மெருகேற்றியதா? நீல முள் என்றால் கடிகாரத்தை விளக்கின்கீழ் மெல்லத் திருப்புங்கள். ஏறக்குறைய 300 டிகிரி வெப்பத்தில் வாட்டி நீலமாக்கிய எஃகு, ஒரு கோணத்தில் கறுப்பாகவும் இன்னொரு கோணத்தில் மயில் கழுத்தாகவும் தெரியும். வண்ணம் பூசிய முள் எந்தக் கோணத்திலும் ஒரே நீலம்.

அடுத்தது தேதிச் சாளரம். இதைக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து என்னால் எந்தக் கடிகாரத்தையும் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை, உங்களையும் கெடுத்துவிடுகிறேன். தேதிச் சக்கரம் இயந்திரத்தின் ஓரத்தில் இருக்கிறது. மிகப் பரவலான சுவிஸ் இயந்திரமான ஈ.டி.ஏ. 2824இன் விட்டம் 25.6 மி.மீ. அதை 36, 38 மி.மீ. உறையில் வைத்தால் தேதி டயலின் விளிம்பருகே அழகாக அமரும். 43 மி.மீ. உறையில் வைத்தால் தேதி நடுப்பகுதியை நோக்கி நகர்ந்து, மூக்குக்குப் பக்கத்தில் கண் வைத்த முகம்போல் ஆகிவிடும். சிறிய நொடி வட்டத்துக்கும் இதே கணக்கு. பெரிய சட்டியில் சின்ன இயந்திரத்தைப் போட்டவர்கள் வேறு எங்கெல்லாம் சிக்கனம் பிடித்திருப்பார்கள் என்று யோசியுங்கள்.

பிறகு உறையின் விளிம்புகள். பளபளப்பான பரப்பும் கோடிழுத்த பரப்பும் சந்திக்கும் இடத்தில் கோடு கத்திமுனைபோல் இருக்க வேண்டும். சோப்புக்கட்டிபோல் மழுங்கியிருக்கக் கூடாது. இதில் ஜப்பானின் கிராண்ட் சீகோவை மிஞ்ச, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பெயர்களே திணறும். ஜரட்சு என்று அவர்கள் சொல்லும் மெருகில் உலோகப் பரப்பு வளையாமல் கண்ணாடிபோல் நிற்கும். உங்கள் சட்டைப் பொத்தானின் பிம்பம் அதில் நெளியாமல் தெரிகிறதா என்று பாருங்கள். நான் முதன்முதலில் அப்படிப் பார்த்த அன்று அந்தக் கடையில் நாற்பது நிமிடம் நின்றேன், வாங்கவில்லை. விற்பனையாளர் பொறுமைசாலி.

கடைசியாகச் சாவித் திருகு. இழுத்தால் ஒவ்வொரு நிலையிலும் திட்டமாக நிற்க வேண்டும். மணி வைக்கும்போது முள் தானாகத் துள்ளக் கூடாது. சாவி கொடுக்கும்போது விரலுக்குக் கிடைக்கும் அந்தச் சிறு நறநறப்பு, வாங்கியபின் நீங்கள் தினமும் அனுபவிக்கப்போவது. எந்த விளம்பரத்திலும் அதைக் காட்ட முடியாது.

சொந்த இயந்திரமா, வாங்கிய இயந்திரமா?

இந்தக் கேள்வியில்தான் புதியவர்கள் பலர் வழுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்தேன். சொந்தத் தொழிற்சாலையில் செய்த இயந்திரம் என்றாலே உயர்வு, வெளியே வாங்கியது என்றாலே மட்டம் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

மற்ற நிறுவனங்களுக்கு இயந்திரம் செய்து விற்கும் ஈ.டி.ஏ., செல்லிட்டா போன்றவர்களின் பரவலான இயந்திரங்களுக்கு உதிரி பாகம் எளிதாகக் கிடைக்கும். கை பழகிய எந்தப் பழுதுபார்ப்பவரும் திறந்து சுத்தம் செய்துவிடுவார். சொந்த இயந்திரம் என்றால் பெரும்பாலும் செய்த நிறுவனத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அவர்கள் சொல்வதுதான் கட்டணம், அவர்கள் சொல்வதுதான் காலம். நான் வாங்கிய முதல் தவறான கடிகாரம் அப்படிப்பட்டது. மறைந்துபோன ஒரு சிறு நிறுவனத்தின் சொந்த இயந்திரம். ஒரு பற்சக்கரத்தின் பல் உடைந்தது. எங்கள் பழுதுபார்ப்பவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, “தம்பி, இதைச் செய்தவர்கள் இருந்தால் கேட்கலாம், இப்போது யாரிடம் கேட்பது?” என்றார். அது இன்றும் மேசை இழுப்பறையில் பத்து மணி பதினேழு நிமிடத்தில் நிற்கிறது.

ஆகவே என் அளவுகோல் இதுதான். பொது இயந்திரம் என்றால் விலையும் பொதுவாக இருக்க வேண்டும். மிச்சப் பணம் டயலிலும் உறையிலும் தெரிய வேண்டும். சொந்த இயந்திரம் என்றால் அதனால் எனக்கு என்ன கிடைக்கிறது என்று நிறுவனம் சொல்ல வேண்டும். கடிகாரம் மெலிந்ததா? நீண்ட நேரம் ஓடுகிறதா? உத்தரவாதம் கூடுகிறதா? ஓரிஸ் என்ற சுவிஸ் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் கொண்டுவந்த காலிபர் 400 என்ற இயந்திரம் இதற்கு நல்ல பதில்: ஐந்து நாள் ஓட்டம், பத்தாண்டு உத்தரவாதம், பத்தாண்டுக்கு ஒரு முறை பராமரிப்பு போதும் என்ற பரிந்துரை. நோமோஸ் 2014இல் ஸ்விங் சிஸ்டம் என்ற பெயரில் துடிப்பைக் கட்டுப்படுத்தும் பகுதியையே தானாகச் செய்யத் தொடங்கியது. உலகில் வெகு சில நிறுவனங்களே கைவைக்கும் வேலை அது. வெறுமனே “சொந்தமாகச் செய்தது” என்பதோடு பேச்சு நின்றால் நானும் நின்றுவிடுவேன்.

ஊர்ப்பெயருக்கு ஒரு வார்த்தை. சுவிஸ் தயாரிப்பு என்று பொறிக்க, 2017 முதல், தயாரிப்புச் செலவில் குறைந்தது 60 விழுக்காடு சுவிட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும். 100 அல்ல, 60. கிளாஸ்ஹூட்டே என்ற பெயரைப் பொறிக்க, இயந்திரத்தின் மதிப்பில் பாதிக்கு மேல் அந்த ஊரிலேயே உருவாகியிருக்க வேண்டும். எழுத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன் அந்த எழுத்துக்கு எவ்வளவு எடை என்று தெரிந்துகொள்வது நல்லது.

எங்கே தேடுவது

நான் கையில் பிடித்துப் பார்த்து மதிப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

கிராண்ட் சீகோவின் ஸ்பிரிங் டிரைவ், என் கணக்கில், இந்த விலைத்தளத்தில் கிடைக்கும் மிகப் புத்திசாலித்தனமான இயந்திரம். சுருள்வில்தான் ஆற்றல் தருகிறது, பேட்டரி கிடையாது. ஆனால் டிக் டிக் என்று தட்டி நிறுத்தும் உறுப்பும் கிடையாது. நொடிக்கு எட்டுச் சுற்றுச் சுழலும் ஒரு சக்கரத்தைக் காந்தவிசை பிடித்து நிதானப்படுத்துகிறது. எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று ஒரு குவார்ட்ஸ் படிகம் சொல்கிறது. அந்தப் படிகத்துக்கு வேண்டிய மின்சாரத்தையும் சக்கரமே உண்டாக்கிக்கொள்கிறது. பிழை நாளுக்கு ஒரு நொடிக்குள். நொடி முள் துள்ளாமல், தட்டில் ஊற்றிய எண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போகும். சீகோவின் பொறியாளர் அகஹனே யோஷிகசு 1977இல் தொடங்கிய வேலை, விற்பனைக்கு வந்தது 1999இல். இருபத்திரண்டு ஆண்டுப் பிடிவாதத்தை மணிக்கட்டில் கட்டிக்கொள்ள முடிகிறது.

குவார்ட்ஸ் என்றாலே முகம் சுளிப்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. 2019இல் வந்த சிட்டிசன் காலிபர் 0100 என்ற குவார்ட்ஸ் கடிகாரத்தைக் காட்டிவிடுவேன். ஒளியில் இயங்குவது, ஆண்டுக்கு ஒரு நொடிக்குள் பிழை. இயந்திரக் கடிகாரங்களுக்கான சுவிஸ் துல்லியச் சான்றிதழே நாளுக்கு நான்கு நொடி பின்தங்கலையும் ஆறு நொடி முந்தலையும் அனுமதிக்கிறது.

மெருகு வேலையை ரசிப்பவர் ஷோபார் நிறுவனத்தின் எல்.யு.சி. வரிசையைத் தேடிப் பாருங்கள். ஷோபார் என்றதும் பலருக்கு நகைதான் நினைவுக்கு வரும். அந்த நினைப்பே உங்களுக்கு லாபம். 1996இல் ஃப்ளூரியே என்ற ஊரில் தொழிற்சாலை தொடங்கி அவர்கள் செய்த முதல் இயந்திரம் 3.3 மி.மீ. தடிமன், கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் தங்கக் குறுஞ்சுழலி, அடுக்கிய இரண்டு சுருள்வில் பெட்டிகள். பழங்கடிகாரங்களைச் சீர்செய்யும் கலைஞரான மிஷேல் பார்மிஜியானி அதே ஊரில், அதே ஆண்டில், தன் பெயரில் நிறுவனம் தொடங்கினார். அதையும் பாருங்கள். கிளாஸ்ஹூட்டே ஒரிஜினலின் செனட்டர் எக்ஸலன்ஸ், முழுச் சாவியில் நூறு மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை மாலை கழற்றி வைத்துவிட்டுத் திங்கள்கிழமை காலை எடுத்தால் மணி சரியாக இருக்கும்.

கரடுமுரடாகப் பயன்படுத்துபவருக்கு, ஹெல்முட் சின் 1961இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் தொடங்கிய சின் நிறுவனம். அலங்காரம் ஏதும் இருக்காது, படிக்க எளிது. ஹாப்ரிங் என்ற ஆஸ்திரியத் தம்பதியரின் நிறுவனம் இன்னும் சிறியது. கணவர் முன்பு ஐ.டபிள்யு.சி. என்ற சுவிஸ் நிறுவனத்துக்காக இரட்டை நொடி முள் நிறுத்துக் கடிகாரத்தை வடிவமைத்தவர். அங்கே நீங்கள் கடிதம் எழுதினால் கடிகாரம் செய்பவரே பதில் எழுதக்கூடிய அளவுதான் கூட்டம்.

அளவு

உறையின் விட்டத்தை எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு எண். வார் பொருந்தும் கொம்புகள் உண்டல்லவா, மேல் கொம்பின் நுனியிலிருந்து கீழ்க் கொம்பின் நுனிவரை உள்ள நீளம். என் மணிக்கட்டின் சுற்றளவு 16 செ.மீ.; மேற்புறத் தட்டை அகலம் ஏறத்தாழ 48 மி.மீ. நான் வாங்கிய இரண்டாவது தவறான கடிகாரம் 41 மி.மீ. விட்டம்தான், ஆனால் கொம்புக்குக் கொம்பு 51. இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு, குழந்தை அப்பாவின் செருப்பைப் போட்ட கோலம். வாரை எவ்வளவு இறுக்கியும் பயனில்லை. நோமோஸின் கொம்புகளும் நீளமானவை, 35 மி.மீ. என்று கேட்டுச் சிறியது என்று தள்ளிவிடாதீர்கள், கையில் பெரிதாகவே அமரும். தொலைவிலிருந்து வாங்குவதானால் அட்டையில் அந்த அளவுக்கு வெட்டிக் கையில் ஒரு நாள் கட்டிக்கொண்டு திரியுங்கள். வீட்டில் சிரிப்பார்கள்.

கைமாறிய கடிகாரம்

பெயர் குறைந்த கடிகாரம் கடையை விட்டு வெளியே வந்ததும் விலை இறங்கும். முதல் உடைமையாளருக்கு வருத்தம். இரண்டாவது ஆளாகப் போகிறவருக்கு, வேறெந்த வழியிலும் கிடைக்காத தள்ளுபடி. இந்த வகைக் கடிகாரங்களைப் புதிதாக வாங்க நான் யாருக்கும் சொல்வதில்லை. உத்தரவாதத்தில் ஓரிரு ஆண்டு மிச்சமிருக்கும்போது பிடிப்பதுதான் சரி. மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: நீங்கள் விற்கப்போனால் உங்களுக்கும் அதே கதிதான். முதலீடு என்று நினைத்து வருபவர் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை சில. கடைசியாக எப்போது திறந்து சுத்தம் செய்தது, ரசீது உண்டா? உறையை மெருகு போட்டார்களா? மெருகு போட்டிருந்தால் அந்தக் கத்திமுனை விளிம்புகள் கரைந்திருக்கும். அவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கீறலோடு இருப்பதே மேல். மூன்று முள் கடிகாரத்துக்கும் நிறுத்துக் கடிகாரத்துக்கும் பராமரிப்புச் செலவு வெகுவாக மாறும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

நாற்பது, ஐம்பது ஆண்டுப் பழைய கடிகாரம் என்றால் டயலில் கவனம் வையுங்கள். திரும்ப வண்ணம் பூசியதா என்பதை எழுத்துகள் காட்டிக்கொடுக்கும்: ஓரம் குழைந்திருக்கும், நிமிடக் கோடுகள் இலக்கங்களோடு ஒத்துப்போகாது. டயலின் கீழோரத்தில் “டி சுவிஸ் டி” (T SWISS T) என்று இருந்தால், இருட்டில் மின்னும் ஒளிர்பூச்சில் டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது என்று பொருள். டிரிடியத்தின் வீரியம் 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பாதியாகிவிடும். ஆகவே 1970களின் டயல் இருட்டில் பிரகாசமாக ஒளிர்ந்தால், யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். அதைச் சொல்லி விற்றால் குற்றமில்லை. சொல்லாமல் விற்றால் வேறென்னவெல்லாம் சொல்லவில்லை என்று கேளுங்கள்.

வாங்கிய பிறகு

முதல் வாரம் தினமும் ஒரே நேரத்தில், எத்தனை நொடி முந்துகிறது, பின்தங்குகிறது என்று குறித்து வையுங்கள். ஒரு நாள் திடீரென்று நிமிடக் கணக்கில் முந்தத் தொடங்கினால் பதற வேண்டாம், பெரும்பாலும் காந்தம். ஒலிபெருக்கிக்கோ கைப்பையின் காந்தப் பூட்டுக்கோ பக்கத்தில் வைத்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் மயிரிழைச் சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காந்தம் நீக்கும் கருவியில் சில நொடி வேலை. தேதியுள்ள கடிகாரத்தில், இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை மூன்று வரை தேதியைத் திருகி மாற்றாதீர்கள். அப்போது உள்ளே பற்கள் கோத்துக்கொண்டிருக்கும். 30 மீட்டர் நீர்த்தடை என்று எழுதியிருந்தால் மழைத்தூறலுக்கும் கை கழுவுவதற்கும் போதும், நீச்சலுக்குப் போதாது.

வாரை நீங்களே மாற்றுவீர்கள், எல்லோரும் மாற்றுவோம். அதற்கு முன் கொம்புகளின்மேல் ஒட்டுத்தாளைச் சுற்றிவிடுங்கள். பின்பக்கத்தைக் காட்டச் சொன்னாரே, அவர் பூதக்கண்ணாடி இல்லாமலேயே ஆறு மணிப் பக்கக் கொம்பில் ஒரு கீறலைக் கண்டுபிடித்து, “ஒட்டுத்தாள் போடவில்லையா?” என்றார். போடவில்லை.